பொட்டலத்திலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பத்தாவதோ பிளஸ் ஒன்னோ படிக்கிற பிள்ளையை வைத்திருப்பவர்களிடம் போதை என்று எடுத்தாலே கஞ்சா என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஒரு பக்கம் கர்நாடகத்தையும் இன்னொரு பக்கம் ஆந்திரத்தையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூர் போகிற நெடுஞ்சாலைகள் கிருஷ்ணகிரியில்தான் கூடுகின்றன. ஆனால் பிள்ளையின் கைக்குப் பெரும்பாலும் முதலில் வருவது கஞ்சா இல்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொள்ளும் கூல் லிப் என்ற குட்டிப் புகையிலைப் பையாக இருக்கும். இல்லாவிட்டால் ஹான்ஸ் என்கிற மெல்லும் புகையிலை. அதுவும் இல்லாவிட்டால் துணியில் விட்டு முகர்கிற, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். இவற்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதே கிடையாது. பல வீடுகளில் ஹான்ஸ் பொட்டலத்தை வாங்கி வரச் சொல்லி பையனைக் கடைக்கு அனுப்புவதே அப்பாவோ தாத்தாவோதான்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 மே மாதத்திலிருந்து தடை இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடைக்காரருக்கு இது தெரியும். இருந்தும் முகம் பழகிய பையனுக்குச் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்துத் தருகிறார். சட்டத்தை நம்பி வீட்டில் சும்மா இருக்க முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் பேச ஆரம்பிக்க வேண்டும். 11 வயதா, அவ்வளவு சீக்கிரமா என்று தோன்றலாம். பென்னாகரம், அஞ்செட்டி, அரூர் போன்ற இடங்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் அந்த வயதில்தான் பிள்ளை உள்ளூர்ப் பள்ளியை விட்டு வெளியூர்ப் பள்ளிக்கோ விடுதிக்கோ போகிறது. பஸ் ஸ்டாண்டும், அங்கே இருக்கிற கடையும், பெரிய வகுப்பு அண்ணன்களும் ஒரே சமயத்தில் அறிமுகம் ஆகும் வயசு அது. பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய், பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. அந்த வீடுகளில் பேச வேண்டியது பாட்டி. அவருக்கும் விஷயத்தைச் சொல்லித் தர வேண்டும்.

என்ன பேசுவது? உண்மையை மட்டும், அதுவும் அளவோடு. ‘ஒரு தடவை இழுத்தாலே பைத்தியம் பிடிக்கும்’, ‘ஒரு தடவை வாயில் வைத்தாலே கேன்சர்’ என்று மிரட்டினால், வகுப்பில் ஆறு மாதமாக அதைச் செய்துகொண்டு நன்றாக நடமாடும் ஒருவனைப் பிள்ளை தினம் பார்க்கிறது. நாம் சொன்னது பொய் என்று அதற்கு அன்றைக்கே தெரிந்துவிடும். பிறகு மாத்திரையைப் பற்றி நாம் சொல்லும் உண்மையையும் அது நம்பாது. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டேர் என்ற பள்ளித் திட்டம் இதற்குப் பெரிய சான்று. போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து எச்சரித்து, உறுதிமொழி வாங்கினார். அப்படி நடத்திய வகுப்புகளைப் பின்னால் ஆராய்ந்தவர்கள், பிள்ளைகளின் பழக்கத்தில் நிலைத்த மாற்றம் எதுவும் இல்லை என்றே கண்டார்கள். நம் பள்ளிகளில் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று கையை நீட்டி எடுக்கும் உறுதிமொழியை நான் குறை சொல்லவில்லை. அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு.

பொட்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் பிள்ளையிடம் அதற்கு ஒரு வலுவான நியாயம் இருக்கும்: “வச்சாத்தான் படிக்க முடியுது.” அது பொய் சொல்லவில்லை. பையை உதட்டுக்குள் வைத்தால் நிக்கோடின் வாயின் மெல்லிய தோல் வழியாக ரத்தத்தில் ஏறி, அரை மணி நேரம் போல ஆகும்போது உச்சத்துக்கு வருகிறது. முதல் தடவை தலை சுற்றும், வாந்தி வரும். அது நிக்கோடினின் விஷத்தன்மை. சில வாரங்களில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு நிக்கோடின் இறங்க இறங்க எரிச்சல் வரும், கவனம் சிதறும், கை பரபரக்கும். இரண்டாவது பீரியடில் பாடம் மண்டையில் ஏறாததற்குக் காரணம் அந்த இறக்கம். அடுத்த பையை வைத்ததும் சரியாகிவிடுகிறது. அது உண்டாக்கிய குறையை அதுவே கொஞ்ச நேரம் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். இதைப் பிள்ளையிடம் இப்படியே சொல்லுங்கள்: “வைக்கிறதுக்கு முன்னாடி, ஏழாவது படிக்கும்போது, எதையும் வைக்காமத்தானே படிச்சே?” இந்தக் கேள்விக்குப் பதில் அதனிடமே இருக்கிறது.

வாயை வைத்து ஒரு சோதனை செய்யலாம், கண்ணாடி முன் பிள்ளை தானே செய்துகொள்ளலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவில் வைக்க வேண்டும். வாய் அந்த அளவுக்குத் திறக்க வேண்டும். பாக்குக் கலந்த பான் மசாலா, குட்கா போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் தடித்து நாராகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும். காரம் பட்டால் எரிவது அதன் ஆரம்ப அறிகுறி. மூன்று விரல் போகவில்லை என்றால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழ் உதட்டை வெளியே மடித்துப் பார்த்தால், பை உட்காரும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருப்பது தெரியும். இருபது வருஷம் கழித்து வரப்போகிற கேன்சரைப் படத்தில் காட்டுவதைவிட, தன் உதட்டில் இன்றைக்கு இருக்கிற வெள்ளைத் திட்டை அதுவே பார்த்துக்கொள்வது நன்றாக உறைக்கும்.

சொல்யூஷன் விஷயத்தில் நேரத்தைக் கடத்தவே கூடாது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், முகர்ந்து எடுக்கும் பொருள்கள் மட்டும்தான் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகப் பழக்கத்தில் இருப்பதாக வந்தது. விலை குறைவு, எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும், கேட்டால் சைக்கிளுக்கு என்று சொல்லிவிடலாம். அதில் இருக்கும் டொலுவின் போன்ற கரைப்பான்கள் நரம்பையும் மூளையையும் கெடுக்கும். அதைவிட உடனடியான ஆபத்து இதயத்துக்கு. அந்த ஆவி உள்ளே போயிருக்கும்போது திடுக்கிட்டாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி, அங்கேயே நின்றுபோகலாம். முதல் தடவையிலேயே இது நடக்கக்கூடும். ஆகவே கர்ச்சீப்பில் முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் கத்தக் கூடாது, துரத்தக் கூடாது, அடிக்கக் கூடாது. மெதுவாகப் பக்கத்தில் போய், துணியை வாங்கிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, அரை மணி நேரமாவது கூடவே இருக்க வேண்டும். பள்ளிக் காவலாளியிலிருந்து பி.டி. வாத்தியார் வரைக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாது.

கஞ்சாவுக்கு வருவோம். ‘அது மூலிகைதானே’ என்பதுதான் பிள்ளையின் முதல் வாதமாக இருக்கும். ஊமத்தையும் அரளியும்கூடச் செடிதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். இழுக்கிற எல்லோரும் அடிமையாவதில்லை. சுமார் பத்தில் ஒருவர் ஆகிறார். பதின்ம வயதில் ஆரம்பித்தவர்களை மட்டும் எடுத்தால் அது ஆறில் ஒருவர். முன்மூளை இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பதால் சின்ன வயதில் சேதம் அதிகம். முதலில் அடிபடுவது ஞாபகசக்தி. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு போன்ற நோய் இருந்திருந்தால், அதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கஞ்சாவால் அதே நோய் கிளம்பும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். சித்தப்பா ஏன் அப்படி இருக்கிறார் என்பதைக் குடும்ப மானத்துக்காக மூடி வைப்பதால் நஷ்டப்படுவது பிள்ளைதான்.

இந்த மாவட்டங்களில் கஞ்சாவோடு இன்னொரு பேச்சும் அவசியம். பிள்ளை இழுக்காமலேயே மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. “இந்தப் பையை ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர்கிட்ட குடுத்துடு தம்பி, பெட்ரோலுக்கு 500 ரூபாய் வச்சுக்கோ” என்று யாராவது கேட்டால், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பையன் பைக்கை எடுப்பான். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில், ஒருவர் கையில் பொருள் இருந்தால் அவருக்கு அது தெரிந்தே இருக்கிறது என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நிரூபிப்பது மாட்டினவர் பொறுப்பு. கஞ்சா 1 கிலோவுக்குக் கீழ் இருந்தால் சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. 16 வயது முடிந்த பையன் என்றால் அப்படிப்பட்ட வழக்கில் பெரியவரைப் போலவே விசாரிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நீயே கட்டாத பார்சலை யாருக்காகவும் தூக்காதே, சொந்தக்காரர் கொடுத்தாலும் என்னிடம் கேட்காமல் வண்டியில் வைக்காதே.

மாத்திரைதான் உயிரை வேகமாக எடுப்பது. கடும் வலிக்குக் கொடுக்கும் டாபென்டடால் போன்ற மாத்திரைகளை நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு டால்க் போன்ற கரையாத தூளும் இருக்கும். அது ரத்தக்குழாயை அடைத்து, கை வீங்கி, சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, மங்கலான வெளிச்சத்திலும் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருப்பது, காய்ச்சல் இல்லாமல் மூக்கு ஒழுகி, கொட்டாவி விட்டு, மயிர் கூச்செறிவது ஆகிய மூன்றையும் கவனியுங்கள். மூன்றாவது, மருந்து கிடைக்காத நாளில் தெரிவது. வீட்டில் பாட்டிக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணி, பூட்டி வையுங்கள். பெண் பிள்ளை உள்ள வீட்டில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பெண் பிள்ளைகளிடம் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வீட்டு மாத்திரை டப்பாவோ அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

மாத்திரை போட்டு, மேலே சாராயமும் குடித்து ஒரு பிள்ளை குறட்டை விட்டுத் தூங்குகிறது என்றால் ‘தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். எழவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை முன்னால் மடக்கி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வாயைக் கீழ்நோக்கி வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே போகட்டும். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது. நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குத்தான் போகும். டாக்டரிடம் என்ன மாத்திரை என்று மறைக்காமல் சொல்லுங்கள், காலி அட்டை கிடைத்தால் எடுத்துப் போங்கள். முறிவு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எது தேவை என்று தெரிந்தால்தான் கொடுக்க முடியும். இதைப் பிள்ளைக்கும் சொல்லித் தர வேண்டும். நண்பன் விழுந்தால் ஓடிப் போகாமல் 108-க்குப் போன் செய் என்று வீட்டில் முன்பே சொல்லி வைத்திருந்தால் ஒரு உயிர் தப்பலாம்.

பேசும் இடத்தையும் யோசிக்க வேண்டும். எதிரே உட்கார வைத்து, அம்மா ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கம், நடுவில் பிள்ளை என்றால் அது பஞ்சாயத்து. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளிக் கிரேட் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில், மாங்காய் தரம் பிரிக்கும்போது, நிலக்கடலை உரிக்கும்போது, இருவர் கண்ணும் வேறு எதையோ பார்க்கும்போது ஐந்து நிமிடம் பேசினால் போதும். அந்தப் பேச்சு இப்படிப் போகலாம்:

“ஏன் கண்ணு, உங்க ஸ்கூல்ல அந்த லிப்பு வைக்கிற பசங்க இருக்காங்களா?”

“இருக்காங்கப்பா.”

“வச்சா எப்படி இருக்குமாம்?”

இங்கே நிறுத்திவிட வேண்டும். “யாரு அது? பேரைச் சொல்லு” என்று கேட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது, அடுத்த தடவையும் வாய் திறக்காது. பெயர் நமக்கு வேண்டாம். அது என்ன கேள்விப்பட்டிருக்கிறது, எதை நம்புகிறது என்பதுதான் வேண்டும். நிக்கோடின் விஷயத்தை அடுத்த வாரம் சொல்லலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டினால் எதுவும் நிற்காது.

நீட்டுகிற கையை மறுக்க, வாயில் வருகிற ஒரு வார்த்தையும் கொடுத்து அனுப்புங்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் ‘பயந்தாங்கொள்ளி’ என்பார்கள். “வாய்ல புண்ணு, ஆஸ்பத்திரி மருந்து ஓடுது”, “எங்கப்பா தினம் வாயை மோந்து பார்ப்பாருடா” என்று பழியை நம் மேல் போடச் சொல்லுங்கள், நாம் தாங்கிக்கொள்ளலாம். திருவிழாவிலோ எருது விடும் விழாவிலோ சிக்கிக்கொண்டால் போன் செய்து “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டீங்களா?” என்று கேட்டால் போதும், வந்து கூட்டிக்கொள்கிறேன், அன்று ராத்திரி ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். வண்டியில் ஏறியதுமே திட்ட ஆரம்பித்தால் இரண்டாவது போன் வராது.

அப்பாவே ஹான்ஸ் போடுகிறவர் என்றால், அதைச் சொல்லித்தான் பேச வேண்டும். “நான் உன் வயசுல ஆரம்பிச்சேன், இன்னும் விட முடியல, காலையில எழுந்ததும் அது இல்லாம ஆகல” என்பதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்லை. அன்றிலிருந்து பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதையும் நிறுத்த வேண்டும்.

பொட்டலம் கையில் சிக்கிய அன்று பெரும்பாலான வீடுகள் மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்கின்றன. அடிக்கிறார்கள்; பிள்ளை ஒளித்து வைக்கும் இடத்தை மாற்றிக்கொள்கிறது. கோயிலில் சத்தியம் வாங்குகிறார்கள். சத்தியம் தவறினால் சாமி குற்றம் என்ற பயத்தில் பிள்ளை மறுபடி சொல்லவே சொல்லாது. மூன்றாவதுதான் மிக மோசம்: படிப்பை நிறுத்தி, பெங்களூரில் கட்டட வேலைக்கோ ஓசூரில் கம்பெனி வேலைக்கோ அனுப்பிவிடுகிறார்கள். கையில் வாரச் சம்பளம், கேட்க ஆளில்லை. பள்ளியும் டி.சி. கொடுத்து அனுப்பக் கூடாது. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது என்பது கல்வி உரிமைச் சட்டம் 16-ஆம் பிரிவு. மெடிக்கலில் கிட் வாங்கி சிறுநீர் சோதிப்பதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தினம் இழுத்தவருக்கு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கஞ்சா தெரியும், சொல்யூஷன் தெரியவே தெரியாது.

அன்று இரவு பேசாமல், மறுநாள் தெளிவாக இருக்கும்போது நாலு விஷயம் கேளுங்கள்: எது, எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, கிடைக்காத நாளில் உடம்பு என்ன செய்கிறது. கடைசிக் கேள்விதான் முக்கியம். பொட்டலம் மட்டும் என்றால் வீட்டிலேயே நிறுத்தலாம். எரிச்சலும் தவிப்பும் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நாலு வாரத்தில் அடங்கும். அதனால் “இனிமே ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்” என்று கேட்காமல், “இந்த மூணு நாளைத் தாண்டிடு, நான் கூட இருக்கேன்” என்று கேளுங்கள். வாய்க்குக் கிராம்பு, சோம்பு, ஏலக்காய் கொடுக்கலாம். பாக்கு மட்டும் வேண்டாம். கஞ்சாவை விட்டால் இரண்டு வாரம் போலத் தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, பிறகு சரியாகும். தூக்க மாத்திரையும் தினசரிக் குடியும் வேறு கணக்கு. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அறையில் பூட்டி வைத்து நிறுத்தவே கூடாது, டாக்டர் கண்காணிப்பில்தான் குறைக்க வேண்டும்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஓ.பி. சீட்டு போடும்போது மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும், விளக்கம் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். நேரில் போகத் தயங்கினால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண். பிள்ளையே கூப்பிட 1098 இருக்கிறது. போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கே வந்தாலும், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடிப்பவர் மேல் அதைத் தொடர முடியாது என்று அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 87-ஆம் பிரிவின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஆளோ உள்ளே இருக்கும் நாள் முழுக்கக் கூடவே தங்க வேண்டும். ‘விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் கழிச்சு வந்து பாருங்க’ என்று ஒரு மையம் சொன்னால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

விட்ட பிறகும் ஒரு நாள் மறுபடி வாசம் அடிக்கலாம். அது பலருக்கும் நடப்பதுதான். அன்றைக்கு எந்த நேரம், எந்த இடம், யாரோடு என்று மட்டும் கேட்டு, அந்த நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். மாலை 4:30 பஸ்ஸுக்காகக் கடை வாசலில் நிற்கும் முக்கால் மணி நேரம்தான் காரணம் என்றால் ஒரு மாதம் நீங்களே போய்க் கூட்டி வாருங்கள், முடியாவிட்டால் அந்த நேரத்துக்குப் பள்ளி மைதானத்தில் இருக்க பி.டி. வாத்தியாரிடம் பேசுங்கள். ஓ.பி. சீட்டில் எழுதிய அடுத்த தேதிக்குத் தவறாமல் அழைத்துப் போங்கள். நன்றாக இருக்கிறதே என்று அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள்.